விரல் தொட்டால் நகரும் விளக்கு!
கார் என்ஜினீயர் கார்வர்டீனின் வாழ்க்கைக் கதை

செங்கற்பட்டுச் சீமை ஏரிகள் நிறைந்த சீமை. அங்கே உத்திரமேரூரை அடுத்த சாலவாக்கம் பக்கத்தில், பம்பு செட்டு வருவதற்கு முன்பு, கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டு வர ஏற்றமும் கவலையும்தான் துணை. சின்னக் கிணறாக இருந்தால் துலா இருக்கும்.

துலாவைப் பார்க்காத பிள்ளைகள் இன்று நிறைய. கிணற்றடியில் கவையுள்ள ஒரு கால் நட்டிருக்கும். அதன் மேல் நீண்ட மரம் ஒன்று. மரத்தின் ஒரு முனையில் வாளி. மறு முனையில் கல்.

நிறைந்த வாளியை ஒரு சிறு பெண் கூட மேலே ஏற்றி விடுவாள். பாரத்தைச் சுமப்பது கல். அவள் கை வழி காட்டினால் போதும்.

கல் செய்யும் இந்த வேலையை, கல்லே இல்லாமல் ஒரு மின்சார விளக்குக்குச் செய்து கொடுத்தார் ஒருவர். அவர் இங்கிலாந்து நாட்டுக்காரர். பெயர் ஜார்ஜ் கார்வர்டீன்.

பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அவருடைய விளக்கைப் பார்க்காதவர்கள் குறைவு. கனமான ஒரு பீடம். அதன் மேல் மெல்லிய இரட்டைக் கம்பிகளால் ஆன கை. கையின் நடுவே ஒரு மூட்டு. நுனியில் குல்லாய் போட்ட பல்பு. கம்பிகளுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்குகள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேஜையிலும், கடிகாரம் பழுது பார்ப்பவர் முன்னாலும், பல் டாக்டர் அறையிலும் இருக்குமே, அந்த விளக்குதான்.

அதை மேலே தள்ளினால் மேலேயே நிற்கும். கீழே இழுத்தால் கீழேயே நிற்கும். திருகாணியை முடுக்க வேண்டாம். கையை எடுத்த பிறகும் விழாது. அது எப்படி?

அந்தக் கேள்விக்கு விடை கண்டபோது கார்வர்டீன் பெரிய பணக்காரராக இருக்கவில்லை. கம்பெனி மூடி, நிரந்தர வேலையும் இல்லாமல் இருந்தார்!

பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர்

இங்கிலாந்தின் மேற்கே பாத் என்று ஓர் ஊர். பூமியிலிருந்து வெந்நீர் ஊற்றெடுக்கும் ஊர். ரோமாபுரிக்காரர்கள் அங்கே கட்டிய குளியல் மண்டபத்தைப் பார்க்க இன்றும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போகிறார்கள்.

அந்த ஊரில் 1887-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந்தேதி கார்வர்டீன் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அவர் கடைசிக்கு முந்தின பிள்ளை.

அத்தனை பேருக்கும் சோறு போட்டு, அத்தனை பேரையும் மேல் படிப்புப் படிக்க வைப்பது நடக்கிற காரியமா? கார்வர்டீனின் பள்ளிப் படிப்பு 14 வயதில் முடிந்தது.

1901-ல் அவரை ஒரு மோட்டார் பட்டறையில் சேர்த்தார்கள். மோட்டார் கார் என்பதே அப்போது புதிய பொருள். தெருவில் ஒரு கார் போனால் வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். அந்தக் காலத்தில் கார் வேலை கற்றுக் கொள்வது நல்ல யோசனைதான்.

நான்கு வருடம் பட்டறையில் தொழில் பழகினார். பகலில் எண்ணெயும் கரியும். இரவில் பாடம். வேலை முடிந்த பிறகு மாலை வகுப்புகளுக்குப் போய் இயந்திர சாஸ்திரம் படித்துத் தேர்வு எழுதினார். பகலெல்லாம் உழைத்த கண்கள் விளக்கு வெளிச்சத்தில் புத்தகம் படித்தன.

பிறகு ஊரில் இருந்த வேறு சில பட்டறைகளில் வேலை பார்த்தார். 1912-ல் ஹார்ஸ்ட்மன் என்ற கம்பெனியில் சேர்ந்தார்.

கடிகாரக் குடும்பத்தின் கார்

ஹார்ஸ்ட்மன் குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். குடும்பத்தின் தலைவர் ஜெர்மனியில் இருந்து வந்து பாத் நகரில் குடியேறிய கடிகாரத் தொழிலாளி. அவருடைய பிள்ளைகள் இயந்திரங்கள் செய்யும் தொழிலில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான சிட்னி ஹார்ஸ்ட்மன் கார் செய்யத் தொடங்கினார்.

1914-ல் முதலாவது உலகப் போர் மூண்டது. ஜெர்மன் பெயர் என்றாலே இங்கிலாந்தில் வெறுப்பு. போருக்குப் பிறகு காருக்கு வைத்திருந்த தம் பெயரில் இருந்து ஓர் எழுத்தையே அவர்கள் நீக்கி விட்டார்கள்! ஜெர்மன் வாடை குறையட்டும் என்றுதான்.

அந்தக் கம்பெனியில் கார்வர்டீன் வேகமாக உயர்ந்தார். 1916-க்குள் தொழிற்சாலை மானேஜராகவும், தலைமை வடிவமைப்பாளராகவும் ஆகி விட்டார். அப்போது அவருக்கு வயது 29. பட்டறையில் துடைக்கும் துணியோடு தொடங்கிய பையன் இப்போது காரையே வரைகிறார்.

காரில் அவர் மனம் எதில் பதிந்தது என்றால், ஸ்பிரிங்கில்.

அந்தக் காலத்து ரோடு மோசம். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் உள்ளே இருப்பவரின் தலை கூரையில் இடிக்கும். மாட்டு வண்டியில் வில் வைத்துக் கட்டுவது போல, காரிலும் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவே ஸ்பிரிங் வைப்பார்கள். எந்த ஸ்பிரிங்கை எங்கே வைத்தால் குலுக்கல் குறையும்? பாரம் மாறினாலும் வண்டி எப்படி நிதானமாக நிற்கும்? இதுவே அவருடைய இரவு பகல் சிந்தனை.

சொந்தக் கம்பெனி

1924-ல் அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். கார்டைன் என்ற பெயரில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். கார்களுக்கான ஸ்பிரிங் அமைப்புகளைச் செய்து விற்பது தொழில்.

சொந்தத் தொழில் என்றால் எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அது நிலைக்கவில்லை. சில வருடங்களில் கம்பெனியை மூடும்படி ஆயிற்று.

பழைய முதலாளிகளிடமே திரும்பினார். அங்கேயும் நிலைமை சரியில்லை. பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் மலிவாகக் கார் செய்து தள்ளின. சிறிய கம்பெனிகள் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. ஹார்ஸ்ட்மன் காரும் 1929-ல் நின்று போயிற்று.

அந்த ஆண்டு அமெரிக்காவில் பங்கு மார்க்கெட்டு சரிந்தது. அதன் அதிர்ச்சி உலகம் முழுவதும் பரவியது. இங்கிலாந்தில் 1932-ல் வேலை இல்லாதவர்கள் முப்பது லட்சம் பேர் அளவுக்குப் போய் விட்டார்கள்.

கார்வர்டீனுக்கு அப்போது நாற்பது வயது கடந்து விட்டது. புதிய வேலை தேடுவதற்கு அது நல்ல வயது அல்ல. அவர் வேலை தேடி அலையாமல், தனியாக உட்கார்ந்து கண்டுபிடிப்புத் தொழிலில் இறங்கினார். கம்பெனிகளுக்கு யோசனை சொல்லி வருமானம் தேடினார். கையில் இருந்த சரக்கு ஒன்றே ஒன்று. முப்பது வருடம் இயந்திரங்களோடு பழகிய அறிவு!

விடை முதலில், கேள்வி பிறகு

இங்கேதான் ஒரு வேடிக்கை. கார்வர்டீன் ஆரம்பத்தில் விளக்கைப் பற்றி நினைக்கவே இல்லை.

பாரத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும், நகர்த்திய இடத்தில் அப்படியே நிற்க வைக்க ஸ்பிரிங்கால் முடியுமா என்பதே அவர் போட்டுக் கொண்ட கணக்கு. அது கிடைத்த பிறகுதான், இதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று தேடினார்.

கணக்கு சிரமமான கணக்கு. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு செம்பில் தண்ணீர் நிறைத்துக் கையில் பிடியுங்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் தோள் அவ்வளவாக வலிக்காது. அதே செம்பைப் பக்கவாட்டில் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் தோள் கெஞ்சும். செம்பு ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். கையின் சாய்வு மாறியதால் தோளுக்குப் பாரம் மாறி விட்டது.

விளக்கின் கையும் அப்படியே. நிமிர்ந்து நின்றால் பாரம் தெரியாது. படுக்கையாக நீட்டினால் கனத்துக் கீழே விழப் பார்க்கும்.

துலாவில் இந்தச் சங்கடம் இல்லை. முன்பக்கத்து வாளியின் இழுப்பு கூடும்போது, பின்பக்கத்துக் கல்லின் இழுப்பும் அதே அளவில் கூடும். ஆகவே சம எடை வைத்தால் மரம் எந்தச் சாய்விலும் நிற்கும். கார்வர்டீனுக்கு முன்பே, பின்னால் குண்டு கட்டிய விளக்குகள் இருந்தன. ஆனால் மேஜையில் அப்படி ஒரு வால் நீட்டிக் கொண்டிருந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் மூக்கில் இடிக்கும்! விளக்கின் கனமும் கூடிப் போகும்.

திருகாணி வைத்த விளக்குகளும் இருந்தன. அவற்றை நகர்த்த இரண்டு கைகள் வேண்டும். ஒரு கை விளக்கைப் பிடிக்க, இன்னொரு கை திருகாணியைத் திருக. வேலை செய்கிறவனுக்கு அப்போது ஒரு கையில் உளியோ ஊசியோ இருக்குமே!

ஸ்பிரிங் இலேசானது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. இழுக்க இழுக்க அதன் பலம் கூடிக் கொண்டே போகும். பாரம் கூடும் விதம் வேறு, ஸ்பிரிங்கின் பலம் கூடும் விதம் வேறு. இரண்டும் ஓர் இடத்தில் சமமாக இருக்கும். மற்ற இடங்களில் விளக்கு எழும்பும், அல்லது விழும்.

கார்வர்டீன் இரண்டு காரியங்களைச் சேர்த்தார்.

முதலாவது, ஸ்பிரிங்கை வைக்கும் இடம். அதன் ஒரு முனையை அசையாத பீடத்தில் மாட்டினார். மறு முனையை அசையும் கையில் மாட்டினார். கை கீழே இறங்க இறங்க ஸ்பிரிங் நீளும். பாரம் கூடும் இடத்தில் பலமும் கூடும்.

இரண்டாவது, ஸ்பிரிங்கைச் சுற்றும் விதம். சாதாரண ஸ்பிரிங்கில் முதல் அங்குலம் இழுப்பது சுலபம். இவர் வேண்டியதோ, சுற்றுகள் ஒன்றை ஒன்று நெருக்கி அழுத்திக் கொண்டிருக்கும் ஸ்பிரிங். அதைச் சற்று விலக்குவதற்கே பலமாக இழுக்க வேண்டும். அப்படி இறுக்கிச் சுற்றி விட்டால், ஸ்பிரிங்கின் பலம் அதன் முழு நீளத்துக்கு ஏற்றபடி அமைந்து விடுகிறது. ஒரு மடங்கு நீளத்துக்கு ஒரு மடங்கு பலம், இரு மடங்கு நீளத்துக்கு இரு மடங்கு பலம்.

இரண்டையும் சேர்த்தால் பாரமும் பலமும் எந்தச் சாய்விலும் சரிக்குச் சரி. தராசு முள் அசையாமல் நடுவே நிற்பது போல, கை நிறுத்திய இடத்தில் நிற்கிறது! மூட்டுகளில் இருக்கும் சிறு உராய்வு மீதிக் குறையைப் பார்த்துக் கொள்ளும்.

ஸ்பிரிங்குகளை எல்லாம் கீழே பீடத்தின் பக்கத்திலேயே வைத்தார். முழங்கைக்கு மேலே இருக்கும் பாகத்தைத் தாங்க, இழுப்பை மெல்லிய கம்பிகள் வழியாக மேலே கொண்டு போனார். நம் விரல்களை மடக்கும் தசைகள் பெரும்பாலும் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நரம்புக் கயிறு போன்ற நாண்கள் ஓடி வந்து விரலை இழுக்கின்றன. அதே ஏற்பாடுதான்.

1932-ம் ஆண்டு ஜூலை 7-ந்தேதி கார்வர்டீன் இதற்கு பேட்டண்டு உரிமை கேட்டு மனு கொடுத்தார்.

எதற்கு இந்தக் கை?

இலேசான பொருளை நினைத்த இடத்தில் நிறுத்த ஒரு கை தயார். அதன் நுனியில் எதை வைப்பது? விளக்கை வைத்தார்!

பட்டறையில் வளர்ந்தவருக்கு வெளிச்சத்தின் அருமை தெரியும். கூரையில் தொங்கும் பல்பு எல்லோருக்கும் பொது. குனிந்து வேலை செய்கிறவனுக்கு அவன் தலையின் நிழலே வேலை மேல் விழும். வெளிச்சம் வேலைக்குப் பக்கத்தில் வர வேண்டும். கண்ணில் அடிக்கக் கூடாது.

பக்கத்தில் வந்தால் இன்னொரு லாபம். பல்புக்கும் புத்தகத்துக்கும் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், வெளிச்சம் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது. சிறிய பல்பு போதும். மின்சாரச் செலவு மிச்சம். பணமுடையால் தவித்த 1930-களின் இங்கிலாந்தில் இதுவும் ஒரு நல்ல விற்பனைச் சரக்குதான்.

முதலில் பாத் நகரில் தமது சொந்தப் பட்டறையில் விளக்கைச் செய்தார். தொழிற்சாலைகளுக்கும் டாக்டர்களுக்கும் பயன்படும் என்று நினைத்தார். ஆனால் கேட்டவர்கள் அதிகம், செய்யும் கைகள் குறைவு. ஒரு முறை கம்பெனி நடத்திச் சூடு கண்டவர் அவர். மறுபடியும் கடன் வாங்கித் தொழிற்சாலை கட்ட அவர் முற்படவில்லை.

ஊசி ஊரில் இருந்து உதவி

ரெட்டிச் என்று இங்கிலாந்தில் ஓர் ஊர். உலகத்துக்கே தையல் ஊசி அனுப்பிப் பெயர் பெற்ற ஊர். தூண்டில் முள்ளும் அங்கே செய்வார்கள். கம்பியை வளைப்பதும் இழுப்பதும் கூராக்குவதும் அந்த ஊரார் பரம்பரையாகக் கற்ற வித்தை.

அந்த ஊரில் ஹெர்பர்ட் டெர்ரி கம்பெனி 1855 முதல் நடந்து வந்தது. ஸ்பிரிங் செய்வதில் பேர் போன கம்பெனி. கார்வர்டீனுக்கு வேண்டிய இறுக்கமான ஸ்பிரிங்கை அவர்களால் செய்து தர முடிந்தது.

கார்வர்டீன் விளக்கைச் செய்து விற்கும் உரிமையை அவர்களுக்கே கொடுத்து விட்டார். ஸ்பிரிங் விற்றவர்கள் விளக்கு விற்பவர்கள் ஆனார்கள்!

பெயர் வைப்பதில் ஒரு தகராறு. சமநிலை என்று பொருள்படும் இக்விபாய்ஸ் என்ற சொல்லை அவர் தேர்ந்தெடுத்தார். வியாபாரப் பெயராக அதைப் பதிவு செய்ய முடியவில்லை. ஆகவே கோணம் என்ற பொருளுள்ள சொல்லை முன்னால் சேர்த்து ஆங்கிள்பாய்ஸ் என்று வைத்தார்கள். எந்தக் கோணத்திலும் சமமாக நிற்பது என்று பொருள் கொள்ளலாம். தடுக்கப்பட்ட பெயரை விட இது பொருத்தமான பெயர்.

முதல் விளக்கின் எண் 1208. அதற்கு நான்கு ஸ்பிரிங். பட்டறைக்கு என்று செய்த விளக்கை வீட்டுக்காரர்களும் வேண்டும் என்றார்கள். 1935-ல் 1227 என்ற எண்ணுடைய விளக்கு வந்தது. அதற்கு மூன்றே ஸ்பிரிங். வீட்டு மேஜைக்கு ஏற்ற அழகான படிப்படியான பீடம். இன்று ஆங்கிள்பாய்ஸ் என்றால் பலருக்கும் நினைவில் வருவது இந்த 1227-தான்.

நார்வேக்குப் போன விளக்கு

1937-ல் நார்வே நாட்டுக்கு இங்கிலாந்தில் இருந்து நெசவு இயந்திரங்கள் போயின. அவற்றோடு இந்த விளக்குகள் இரண்டும் போய்ச் சேர்ந்தன. அங்கே ஜேக்கப் ஜேக்கப்சன் என்ற என்ஜினீயர் அவற்றைப் பார்த்தார். நூல் அறுந்த இடத்தைத் தேடிக் கண் பூத்துப் போகும் தொழில் நெசவு. நம் காஞ்சிபுரத்து நெசவாளரைக் கேட்டால் சொல்வார். விளக்கின் அருமை ஜேக்கப்சனுக்கு உடனே புரிந்தது.

கள்ளத்தனமாகப் பார்த்துச் செய்யாமல், முறைப்படி உரிமை வாங்கினார். சில மாறுதல்களோடு லக்ஸோ என்ற பெயரில் விளக்கு செய்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பரவியது. இங்கிலாந்துக்கு வெளியே பலர் கார்வர்டீனின் யோசனையை லக்ஸோ என்ற பெயரிலேயே அறிந்தார்கள்.

பிறகு இரண்டாவது உலகப் போர். குண்டு வீச்சு விமானங்களில் இரவில் வரைபடம் பார்த்து வழி சொல்பவருக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் வெளியே கசிந்தால் ஆபத்து. அதற்கும் ஆங்கிள்பாய்ஸ் விளக்கு போயிற்று. 1940-ம் ஆண்டு கடைசி நாளில் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் வெல்லிங்டன் விமானம் ஒன்று இறங்கி மூழ்கியது. 45 வருடம் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. 1985-ல் அதை வெளியே எடுத்தபோது உள்ளே இந்த விளக்கும் இருந்தது, மின்சாரம் கொடுத்ததும் எரிந்தது என்று சொல்வார்கள்.

அந்தச் செய்தியைக் கேட்க கார்வர்டீன் இல்லை. போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, 1947-ல் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது அறுபது அளவு.

குதித்து ஓடும் விளக்கு

1986-ல் அமெரிக்காவில் பிக்ஸார் என்ற கம்பெனி கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் படம் எடுத்தது. இரண்டு நிமிடப் படம். கதாநாயகர்கள் இரண்டு மேஜை விளக்குகள். பெரிய விளக்கு தகப்பன் போல நின்று பார்க்க, குட்டி விளக்கு பந்தைத் துரத்திக் குதிக்கிறது. பேச்சே கிடையாது. தலையைத் தாழ்த்தினால் அதற்கு வருத்தம் என்று குழந்தைக்குக் கூடத் தெரிகிறது. படத்தின் பெயரிலேயே லக்ஸோ இருக்கிறது. அந்தக் குட்டி விளக்கு பிறகு பிக்ஸாரின் சின்னமாகவே ஆகி விட்டது. சாலவாக்கத்துப் பிள்ளைகளும் சினிமா தொடங்கும் முன்பு அது குதித்து வருவதைப் பார்த்திருப்பார்கள்.

இப்போது குண்டு பல்பு போய் எல்.இ.டி. பல்பு வந்து விட்டது. விளக்கின் தலைக் கனம் மாறினால் ஸ்பிரிங்கின் கணக்கையும் மாற்ற வேண்டும். தலை இலேசாகி விட்டால் கை தானாக மேலே எழும்பும். வீட்டில் அப்படி ஒரு விளக்கு அடங்காமல் எழும்பினால் கோளாறு கையில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

2009-ல் பிரிட்டிஷ் தபால் இலாகா, தங்கள் நாட்டின் சிறந்த வடிவமைப்புகளுக்காகப் பத்துத் தபால் தலைகளை வெளியிட்டது. கன்கார்டு விமானம், மினி கார், லண்டன் நகரத்துச் சிவப்பு டெலிபோன் கூண்டு ஆகியவற்றோடு ஒரு தபால் தலையில் கார்வர்டீனின் மேஜை விளக்கும் தலை குனிந்து நின்றது.